ஒரு படம், ஒரு வட்டம், இரண்டு வார்த்தை

ஸ்லைடக்காவை ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் மாட்டுவதும், மாட்டிய லிஃப்டைப் பழுது பார்ப்பதுமாக இருக்கிற கம்பெனி அது. அங்கே யாருக்கு எந்தக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தாலும் கடைசி நேரத்தில் ஓடி வந்து நிற்கிற இடம் அவள் மேஜைதான். கொண்டு வருகிற ஸ்லைடைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும். ஒரே ஸ்லைடில் நாற்பது வரி, எறும்பு அளவு எழுத்து, போதாக்குறைக்கு நாலு பக்கமும் பூ போட்ட பார்டர். அவள் அதையெல்லாம் படிக்கவே மாட்டாள். ஆளை உட்கார வைத்து, இதில் எதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகணும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ஆள் திருதிருவென்று விழிப்பான். விழித்து முடித்து ஒரு பதில் சொல்வான். அந்தப் பதில்தான் ஸ்லைடு, மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகும்.

இந்த வித்தையை அவளிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் ஒரே ஒருத்தன், சர்வீஸ் மேனேஜர். 'கற்றுக்கொண்டவர்' என்று மரியாதையாகச் சொல்லலாம்தான், ஆனால் வாய் வரமாட்டேன் என்கிறது. சட்டைப் பையில் எந்நேரமும் லேசர் பாயிண்டர் வைத்திருப்பான். கேன்டீனில் எந்த பன் வேண்டும் என்பதைக்கூடக் கண்ணாடி அலமாரிமேல் சிவப்புப் புள்ளியை ஓட்டித்தான் காட்டுவான். மெக்கானிக்குகள் அவனுக்குப் பாயிண்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கும் அதில் பெருமைதான்.

வந்த புதிதில் அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு வரி வரியாக வாசித்தவன்தான். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவார்கள். ஸ்லைடக்காதான் அவனைத் தேற்றினாள். சுவரில் இருப்பதைப் படிக்க அவர்களுக்கே கண் இருக்கிறது, நீங்கள் முதுகைக் காட்டாதீர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்றாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம், மேலே இரண்டு வார்த்தை, அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்றாள். ஆள் கெட்டி, கப்பென்று பிடித்துக்கொண்டான். ஒரே வருஷத்தில் அவன் பேச எழுந்தால் டைரக்டர்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். கத்தியைத் தீட்டி அவன் கையில் கொடுத்தது நான்தான் என்று பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ, பாவி மகள்.

அவள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மெக்கானிக். பேச்சு கம்மி, வேலை சுத்தம். ஒரு நாள் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், லிஃப்டின் பிரேக்கைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. மெயின் ஸ்விட்ச்சைக் கீழே இறக்கி, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கையை விடணும். அன்றைக்கு மெயின் மேலேயே இருந்தது. எந்த மாடியிலோ யாரோ பட்டனை அமுக்கினார்கள், லிஃப்ட் கிளம்பியது, மேலே கப்பி சுற்றியது. கப்பிக்கும் கம்பிக் கயிற்றுக்கும் நடுவில் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். பாயிண்டர் மேலே வந்திருந்தான். குடியிருக்கிறவர்கள் கத்துகிறார்கள், மெயினை இறக்காதே, ரெண்டு நிமிஷ வேலைக்கு எதற்கு இத்தனை சடங்கு என்று அவசரப்படுத்தினான். தன் போனை வாட்ச்மேனிடம் கொடுத்து, மேனேஜர் நேரில் வந்து பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். எடுத்து முடித்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான். பாயிண்டரைக் கேட்டால், நான் அன்றைக்குப் பூரா ஆபீசை விட்டு நகரவே இல்லையே என்று கூசாமல் சொன்னான். வாட்ச்மேனோ அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

டைரக்டர்கள் விசாரணை வைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு போய் அவர் அரை மணி நேரம் பேசினார். பேசத் தெரியாத மனுஷன், எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய், பிரேக் எப்படி வேலை செய்யும் என்பதையெல்லாம் சொல்லி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். அதற்குள் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து பாயிண்டர் எழுந்தான். அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அவனே உட்கார்ந்து ஒரு ஸ்லைடு செய்து வைத்திருந்தான். அவள் வீட்டுக்காரரின் முகம், சுவர் கொள்ளாத அளவுக்கு. தொப்பி கோணலாக இருந்தது, வாய் கொள்ளாத சிரிப்பு. முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேலே 'கவனக் குறைவு' என்று இரண்டு வார்த்தை.

"இந்தச் சிரிப்பைப் பாருங்க," என்றானாம் பாயிண்டர். "வாட்ச்மேன் எடுத்து அனுப்பின படம். இது எடுத்துப் பத்தே நிமிஷத்துல மூணு விரல் போச்சு."

அவ்வளவுதான். அரை மணி நேரப் பேச்சு அந்த ஒரு படத்துக்கு முன்னால் நிற்கவில்லை. அவருக்கு வேலை போனது, விபத்துக்கான பணமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரு சம்பளமாவது வரணுமே என்று ஸ்லைடக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதே ஆபீசுக்குப் போய்வந்தாள்.

அதோடு விட்டானா? அந்த ஸ்லைடு அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு செட் பயிற்சிக்காரர்களுக்கும் முதல் நாள் முதல் ஸ்லைடு அதுதான். பயிற்சி ஹாலுக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. இந்தச் சிரிப்பைப் பாருங்க என்று அவன் சொல்வதும், கொல்லென்று அவர்கள் சிரிப்பதும் அவள் காதில் விழும். தாலி கட்டின மனுஷனின் முகத்தைப் பார்த்து ஊரான் சிரிக்கிறதைக் கேட்டுக்கொண்டே அடுத்தவனின் ஸ்லைடுக்கு அவள் கலர் பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு எரியும். ஒரு நாள் தாங்காமல் போய், அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், வேறு எது வேண்டுமானாலும் செய்து தருகிறேன் என்று கேட்டுவிட்டாள். கேட்டதோ வாய்விட்டு, கெஞ்சி. அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நம்மிடம் இருப்பதிலேயே நல்ல ஸ்லைடு அதுதானேம்மா, வேலையை வேலையாகப் பார்க்கப் பழகு என்று அவளுக்கே பாடம் எடுத்து அனுப்பினான்.

அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. வேறொரு லிஃப்ட் கம்பெனியில், விரல் போனால் என்ன, வேலை தெரிந்த ஆள் சூப்பர்வைசராக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்தானே என்று சிரித்தாராம். பாயிண்டர் ஏதோ பாதுகாப்புக் கூட்டத்தில் அந்த ஸ்லைடைப் பத்துக் கம்பெனிக்குத் தாரை வார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினவர் அதற்கப்புறம் வேலை தேடிப் போகவே இல்லை. தெருவில் யாராவது சிரித்துப் பேசிக்கொண்டு போனால்கூட ஜன்னலைச் சாத்துவார். மாமியார் மட்டும் தினம் விடிந்ததும், அவன் வாயில் மண் விழ, அவன் குடி விளங்காமல் போக என்று ஆரம்பித்துவிடுவாள். மருமகள் அடுப்படியில் இருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போடுவாள். மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு வருஷம் இப்படிக் கறுவிக்கொண்டே போனது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வட்டத்துக்குள்ளிருந்து அவர் வெளியே வரணும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் பாயிண்டருக்குப் பெரிய பதவி ஒன்று வருகிற மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் சேர்மன் மேடம், டைரக்டர்கள், பெரிய பெரிய கட்டிடக்காரர்கள் எல்லோர் முன்பும் பாதுகாப்பைப் பற்றி அவன் பேசணும். ஸ்லைடெல்லாம் நீயே செய்துவிடம்மா என்று அவளிடம் வந்து நின்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டான். அதுவரை ஆபீசுக்குள் யார் கையிலும் கொடுக்காமல் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்த அந்த ஸ்லைடையும் அனுப்பி, நடுவில் இதைச் சேர்த்துவிடு, ஆனால் இதில் மட்டும் கை வைக்காதே என்றான்.

கை வைக்காதே என்றால்? அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் முதல் வேலையாக அதைத்தான் திறந்தாள். பெரிதாக ஒன்றும் திட்டமில்லை. முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட முடியுமா, இருட்டாக்கிவிட்டால் யார் என்று தெரியாமல் போகுமா என்று பார்க்கத்தான் படத்தின் மேல் கிளிக் பண்ணினாள். பண்ணினவள் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. படத்தை அவன் ஸ்லைடுக்குள்ளேயே வைத்து வெட்டியிருக்கிறான்.

ஸ்லைடு செய்கிறவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு படத்தை ஓரம் வெட்டினால் வெட்டின பாகம் எங்கேயும் போகாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு உள்ளேயே இருக்கும். வெட்டினது போனது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவள் பாயிண்டருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள், இதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காமல் விட்ட அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். படம் விரிந்தது. கோணல் தொப்பியோடு அவள் வீட்டுக்காரர். அவர் தோளில் ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பல்லெல்லாம் தெரிய நிற்கிறான், சட்டைப் பையில் பாயிண்டரோடு. இரண்டு பேருக்கும் பின்னால் சுவரில் மெயின் ஸ்விட்ச், அதன் கைப்பிடி மேலே. பூட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது.

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்று, உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஒரு சூடு ஏறியது. இருடா மகனே, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று வாய்விட்டே சொன்னாள். நேரே சேர்மன் மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்று யோசித்தாள். காட்டினால் நாலு சுவருக்குள் பேசி, பூசி மெழுகி முடித்துவிடுவார்கள். அவரை அவமானப்படுத்தினது சுவர் அளவுப் படத்தில், ஊர் பார்க்க. திருப்பிக் கொடுப்பதும் அப்படித்தான் இருக்கணும். அவள் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஆயுசில் அவ்வளவு நல்ல ஸ்லைடுகள் செய்ததில்லை. தேவையில்லாத ஒரு எழுத்து கிடையாது. அவன் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. அவள் செய்தால் பிசகாது என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்த நாளில் ஹால் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் சேர்மன் மேடம், பக்கத்தில் டைரக்டர்கள். ஓரத்தில் சின்ன மேஜையில் லேப்டாப்போடு ஸ்லைடக்கா. பாயிண்டர் தன் கையால் ஸ்லைடு மாற்ற மாட்டான், அது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். 'அடுத்தது' என்று சொல்வான், அவள் மாற்றணும். ஆள் அன்றைக்கு நல்ல ஃபார்மில் இருந்தான். கூட்டம் சிரிக்கிற இடத்தில் சிரித்தது, உச்சுக் கொட்டுகிற இடத்தில் கொட்டியது. அந்த ஸ்லைடு வந்தது. வட்டத்துக்குள் அவள் வீட்டுக்காரர். பாயிண்டர் வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி, இந்தச் சிரிப்பைப் பாருங்க, இது எடுத்துப் பத்தே நிமிஷத்தில் மூன்று விரல் போச்சு என்றான்.

"அடுத்தது," என்றான்.

அவள் தட்டினாள். திரையில் படம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, விரிய ஆரம்பித்தது. முதலில் அவர் தோளில் இருந்த கை வந்தது. அப்புறம் சட்டைப் பை. அப்புறம் பாயிண்டரின் பல். கடைசியில் பின்னால் ஸ்விட்ச். 'கவனக் குறைவு' என்ற இரண்டு வார்த்தையை அவள் தொடவில்லை. வட்டத்தை மட்டும் நகர்த்திப் பாயிண்டர் முகத்தில் போட்டிருந்தாள்.

அவனுக்குத்தான் முதுகைக் காட்டக் கூடாது என்று பாடமாயிற்றே. கூட்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெயின் ஸ்விட்ச்சைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். மெயின் மேலே இருக்கும்போது ஒரு மெக்கானிக்கை வேலை செய்ய விடுகிறவன் மனுஷனே இல்லை என்றான். அப்படி ஒரு மேலதிகாரி என் கண்ணில் பட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவேன் என்று மேஜையைத் தட்டினான். எதிரே எல்லோர் கண்ணும் அகல அகலத் திறக்கிறதைப் பார்த்து, பேச்சு எடுபடுகிறது என்று இன்னும் உற்சாகமாகி இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தான். ஸ்லைடக்கா அந்த ஒவ்வொரு வார்த்தையையும் ருசித்தாள், பொய் சொல்வானேன்.

கடைசியில் சேர்மன் மேடம் கையை உயர்த்தினார்கள்.

"ஒரு நிமிஷம். அந்தப் படத்துல வட்டத்துக்குள்ள இருக்கறது நீங்கதானே?"

பாயிண்டர் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த லேசர் அணைக்கப்படாமல் இருந்ததால் சிவப்புப் புள்ளி திரை மேலேயும் சுவர் மேலேயும் கண்டபடி ஓடியது. மாற்றும்மா, அடுத்தது போ, அடுத்தது போ என்று அவளிடம் பல்லுக்குள் சொன்னான். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது இல்ல சார். இதுதான் கடைசி ஸ்லைடு."

உடனே அவன், இது கம்ப்யூட்டரில் ஒட்டின படம், சதி, என்மேல் பொறாமை என்று என்னென்னவோ சொன்னான். வேறொரு நாள் எடுத்ததாக இருக்கும் என்று ஒரு டைரக்டர் இழுத்தார். பக்கத்தில் இருந்தவர், விபத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தது என்று இரண்டு வருஷமாக அவரே தானே சொல்லிக்கொண்டு வருகிறார் என்றார். சேர்மன் மேடம் ஸ்லைடக்காவை எழுந்திருக்கச் சொல்லி, படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அவள் பேசவில்லை, காட்டினாள். பாயிண்டர் அனுப்பின ஃபைலை அப்படியே எல்லோர் முன்பும் திறந்து, வெட்டின ஓரத்தை இழுத்து விரித்தாள். மறுபடி மூடி, மறுபடி விரித்தாள். இரண்டாம் தடவை தேவையே இல்லை, ஆனாலும் விரித்தாள். கட்டிடக்காரர் ஒருத்தர் தன் போனைத் துழாவி, எனக்கும் இதை அனுப்பியிருக்கிறாரே என்றார். தன் வண்டவாளத்தை அவனே ஊரெல்லாம் அனுப்பி வைத்திருக்கிறான்.

"நீங்க யாரும்மா?" என்று சேர்மன் மேடம் கேட்டார்கள்.

"ரெண்டு வருஷமா அந்த வட்டத்துக்குள்ள நின்னவரோட சம்சாரம்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமியார் நடுநடுவே, நல்லா வேணும், இன்னும் வேணும் என்று தொடையைத் தட்டினாள். அவர் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், அவன் திரும்பிப் பார்த்தப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு என்று கேட்டார். பேயறைந்த மாதிரி என்றாள். அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னாள். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து சேர்மன் மேடமே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலையைத் திருப்பித் தருகிறோம், சேர வேண்டிய பணம் முழுக்க வரும், வருத்தம் தெரிவித்துக் கடிதமும் தருகிறோம் என்றார்கள். பாயிண்டர் அதற்குள் பதவியும் இல்லை, வேலையும் இல்லை என்று ஆகியிருந்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதெல்லாம் இருக்கட்டும், எனக்கு நடந்ததை அந்த மேனேஜர் வாயாலேயே கேட்கணும், மெக்கானிக்குகள் அத்தனை பேர் முன்னாலும் கேட்கணும் என்றார். கம்பெனி பாயிண்டருக்குச் சொல்லி அனுப்பியது. வந்து நடந்ததைச் சொல்கிறாயா, இல்லை நாங்களே போலீசில் புகார் கொடுக்கட்டுமா? அவன் வருகிறேன் என்றான்.

ஸ்லைடக்காவுக்குக் கை பரபரத்தது. அன்றைக்குத் திரையில் எதைப் போடலாம், எந்த இடத்தில் எந்தப் படம் வரணும் என்று மளமளவென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர்தான் வேண்டாம் என்றார்.

"படத்தைப் பார்த்துட்டு அவங்க பாட்டுக்கு எழுந்து போயிடுவாங்க. இந்தத் தடவை காதால கேக்கட்டும்."

பயிற்சி ஹாலில் புதுசு பழசு என்று எல்லா மெக்கானிக்குகளும் உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். சேர்மன் மேடமும் ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். புரொஜெக்டரை அணைத்து வைத்திருந்தார்கள், திரையைச் சுருட்டி மேலே ஏற்றியாயிற்று. முன்னால் வெறும் சுவர். பாயிண்டர் அதற்கு முன்னால் வந்து நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவன் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சூழ்நிலை அப்படி இருந்தது, குடியிருந்தவர்கள் தொந்தரவு பண்ணினார்கள், எல்லோருக்கும் நல்லதுதான் நினைத்தேன் என்று வழவழா கொழகொழாவென்று இழுத்தான். மெயினை இறக்க வேண்டாம் என்று ஒருவேளை நான் சொல்லியிருக்கலாம் என்றான்.

முதல் வரிசையில் இருந்து அவள் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஒருவேளை எல்லாம் வேண்டாம் சார். சொன்னீங்க. அது எனக்கே தெரியும். எனக்குத் தெரியாதது ஒண்ணுதான். படம் எடுத்துட்டு நீங்க வெளிய போனீங்க. அப்ப லிஃப்ட கூப்பிட்டது யாரு?"

பாயிண்டர் பக்கவாட்டில் திரும்பி வெறும் சுவரைப் பார்த்தான், கீழே பார்த்தான். கதவருகே நின்றிருந்த ஸ்லைடக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை மாடியையும் படி வழியாக இறங்குகிற ஆளா இவன்? யாரோ குடியிருக்கிறவர் தெரியாமல் அமுக்கினது என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அந்த முகம் தெரியாத ஆளைக் கோபத்தில்கூட அவள் திட்டினதில்லை.

பாயிண்டர் உதடு மட்டும் அசைந்தது.

"கீழ போறதுக்கு... நான்தான் அமுக்கினேன்."

அவள் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். முன் வரிசை மெக்கானிக்குகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன சொன்னான் என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல சார்," என்றாள் ஸ்லைடக்கா. "சத்தமா சொல்லுங்க."

அவன் சேர்மன் மேடத்தைப் பார்த்தான். மேடம் கையால் கடைசி வரிசையைக் காட்டினார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெயினை இறக்க வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னான்.